ஜீரோ கிரெடிட் பேப்பர்தானேன்னு விட்டுடாதீங்க

16 வருஷமா இன்ஜினியரிங் காலேஜ்ல பாடம் எடுக்கிறேன், அதுல பாதிக்கு மேல கிளாஸ் அட்வைசர். போன பேட்ச்ல ஒரு பையன், சிஜிபிஏ, அதாவது எல்லா செமஸ்டரும் சேர்த்த கிரேடு சராசரி, பத்துக்கு எட்டுக்கு மேல, கேம்பஸ்ல வேலையும் கிடைச்சாச்சு, கடைசி செமஸ்டர்ல பாத்தா ஆறாவது செமஸ்டர் மேண்டேட்டரி கோர்ஸ் (கட்டாயப் பாடம்) ஒண்ணு பாஸ் ஆகாம நிக்குது. "அதுக்கு கிரெடிட்டே இல்லையே சார்"ங்கறான். கிரெடிட் இல்ல, சிஜிபிஏல சேராது, யுனிவர்சிட்டி எக்ஸாமும் கிடையாது, எல்லாம் சரிதான் தம்பி, ஆனா அதை முடிக்காம டிகிரி வராது. டெஸ்ட்டுக்கும் வரல, அசைன்மென்ட்டும் வைக்கல, அந்த மார்க்கை வச்சுதானே அதுல பாஸே போடணும். அன்னிக்கு அவன் முகம் வாடிப்போனது இன்னும் கண்ணுலயே நிக்குது.

நான் சொல்றது அண்ணா யுனிவர்சிட்டி இணைப்புக் கல்லூரிகள்ல 2021 ரெகுலேஷன்ல (அந்த வருஷத்துப் பாடத்திட்ட, தேர்வு விதிகள்ல) படிக்கிறவங்களுக்கு. சீனியர் சொல்ற விதி வேற ரெகுலேஷனோடதா இருக்கலாம், அதனால உங்க பேட்ச் எதுல வருதுன்னு முதல்ல பாத்துக்கோங்க.

கிரெடிட்ங்கறது சிஜிபிஏ கணக்குல ஒரு பேப்பருக்கு உள்ள வெயிட், அதோட கணக்கு ரொம்ப சிம்பிள்தான். வாரத்துக்கு ஒரு லெக்சர் பீரியட்னா ஒரு கிரெடிட், லேப்னா ரெண்டு பீரியடுக்கு ஒண்ணு. இன்ஜினியரிங் கிராபிக்ஸ்ல லெக்சர் ரெண்டு, டிராயிங் நாலு பீரியட், ஆக 4 கிரெடிட், கணக்கு பேப்பரும் 4, தமிழர் மரபு 1. இந்த 4 கிரெடிட் பேப்பர்ல கிரேடு இறங்கினா சிஜிபிஏ எவ்வளவு அடிவாங்கும்னு ஃபர்ஸ்ட் இயர்ல பசங்களுக்குப் புரியறதே இல்ல.

அடுத்தது பாஸ் மார்க். தியரி பேப்பருக்கு இன்டர்னல் 40, 100க்கு எழுதுற செமஸ்டர் எக்ஸாமுக்கு 60, மொத்தத்துல 50 வேணும். ஆனா இன்டர்னல் முழுசா 40 வாங்கியிருந்தாலும் எக்ஸாம்ல 100க்கு 45 எடுக்கலன்னா அரியர்தான், இன்டர்னல் காப்பாத்தும்னு தெம்பா உக்காந்திருந்து மாட்டிக்கிட்டவங்க வருஷா வருஷம் என்கிட்ட வர்றாங்க. அட்டெண்டன்ஸ் 75%, உடம்பு சரியில்லைன்னா சர்டிபிகேட் குடுத்து ஃபீஸும் கட்டி 65 வரைக்கும் சமாளிக்கலாம், அதுக்குக் கீழ போனா அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்கணும்.

டிஸ்டிங்ஷன் ஆசை இருந்தா 8.5 சிஜிபிஏ மட்டும் போதாது, எல்லா பேப்பரும் முதல் அட்டெம்ப்ட்லயே பாஸ் ஆகியிருக்கணும், இதை மூணாவது வருஷத்துல தெரிஞ்சுக்கிட்டு அழுத பிள்ளைங்க உண்டு. அரியர் விழுந்துட்டா பயந்து ஒதுங்காதீங்க, ரெகுலர்ல சேர்ந்தவங்களுக்கு மொத்தம் 14 செமஸ்டர் டைம் இருக்கு.

பெத்தவங்க மீட்டிங்குக்கு வந்தா "எத்தனை பர்சென்ட்"னு மட்டும் கேக்கறாங்க. இனிமே கரிக்குலம் லிஸ்டை கையில வச்சுக்கிட்டு, ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் முடிஞ்ச பேப்பரை, ஜீரோ கிரெடிட்டையும் சேத்து, பிள்ளையை உக்கார வச்சு டிக் போடச் சொல்லுங்க, ஏதாவது விடுபட்டா அன்னிக்கே கிளாஸ் அட்வைசரைப் பாருங்க, நாங்க இருக்கிறதே அதுக்குத்தான்.