வால்வு: பொருள், பிறப்பு, தமிழ்ச்சொல்

கித்தார் வாசிக்கும் இளைஞர்களிடையே 'டியூப் ஆம்ப்' என்னும் சொல் நன்கு பழகிவிட்டது. கித்தாரின் ஒலியை வால்வுகளைக் கொண்டு பெருக்கும் கருவி அது. அதே சொல்லை வீட்டுப் பெரியவர்களிடம் சொன்னால், அவர்களுக்கு நினைவில் எழுவது சுவரில் எரியும் டியூப் லைட்டும் சைக்கிள் டியூபும்தான். 'பழைய வால்வு ரேடியோவுக்குள் சிவப்பாக எரியுமே, அதுதான்' என்றதும் விளங்கிக்கொள்கிறார்கள். பொருள் ஒன்றே, பெயர்தான் இரண்டு. அமெரிக்கர் அதை டியூப் என்றனர், ஆங்கிலேயர் வால்வு என்றனர். வானொலி நமக்கு ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் அறிமுகமானதால் வால்வு என்பது பேச்சில் நிலைத்தது. மின்கித்தார் அமெரிக்கப் பழக்கத்தோடு பின்னால் வந்தபோது டியூப் என்பதும் உடன் வந்து சேர்ந்தது.

இவ்விரண்டில் வால்வு என்பதே ஆழமான பெயர் என்பது என் கருத்து. டியூப் என்பது உருவத்தை மட்டும் சொல்கிறது. வால்வு என்பதோ தொழிலைச் சொல்கிறது. இலத்தீன் மொழியில் 'வால்வா' என்பது மடக்குக் கதவின் ஒரு பலகையைக் குறித்த சொல். நீர்க்குழாய்க்கும் இதயத்துக்கும் அது பின்னர் ஆகிவந்தது. 1904இல் ஜான் ஆம்புரோஸ் பிளெமிங் இலண்டனில் தாம் உருவாக்கிய கண்ணாடிக் குமிழுக்கு இச்சொல்லையே தேர்ந்துகொண்டார். காற்று நீக்கப்பட்ட குமிழினுள் சூடேறிய எதிர்மின்வாயிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி நேர்மின்வாயை அடையும், எதிர்த்திசையில் வாரா. ஒரு பக்கமே திறக்கும் கதவுக்கு இது சரியான ஒப்புமை.

தமிழில் வால்வுக்கு இரு நல்ல ஆக்கங்கள் வழங்குகின்றன. ஒன்று அடைப்பிதழ். கதவுப் பலகை, பூவிதழ் இரண்டையும் நினைவூட்டும் இச்சொல் இதயத்துக்கு மிகவும் பொருந்தும். மூவிதழ் வால்வு என்று பாடநூல்கள் எழுதுவதும் இந்த வழியில்தான். மற்றொன்று ஓரதர். அதர் என்பது வழியைக் குறிக்கும் பழஞ்சொல். பழம்பாடல்களில் கல்லதர் என வரும். ஒரே வழி உடையது ஓரதர் என்னும்போது பிளெமிங்கின் கருவியையே நேரில் பார்த்துப் பெயரிட்டது போல இருக்கிறது.

ஆனால் கித்தார் பெருக்கியில் இருப்பது பிளெமிங்கின் இருமுனையம் அன்று. 1906இல் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் இரு மின்வாய்களுக்கும் இடையே மூன்றாவதாக ஒரு கம்பியமைப்பைப் புகுத்தினார். கிரிட் எனப்படும் அதைக் கம்பிவலை என்று சொல்லலாம். அந்த வலையில் மின்னழுத்தம் சிறிது ஏறி இறங்கினாலும் எலக்ட்ரான் ஓட்டம் பெரிய அளவில் கூடிக் குறையும். இங்கே கருவியின் தொழில் ஒருவழிப்படுத்துவது அன்று, அளவோடு விடுவது. ஆகவே ஓரதர் என்னும் சொல் மூன்று மின்வாய்கள் உள்ள இந்த மும்முனையத்துக்குப் போதாது. உழவர் வாயில் வழங்கும் மடை என்னும் சொல்தான் இதன் இயக்கத்துக்கு மிக நெருக்கமானது. மடைப்பலகையைத் தூக்குபவரின் கைவலிமை தண்ணீரை ஓட்டுவதில்லை. ஓட்டுவது ஏரியின் நீர்மட்டம். தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் கித்தாரின் பிக்கப்பிலிருந்து வரும் ஏறத்தாழ 0.1 வோல்ட்டுச் சைகை மடைப்பலகையை அசைக்கும் கை. பெருக்கியின் உயர்மின்னழுத்தம் ஏரி. ஒரே குமிழில் இரண்டு மும்முனையங்களைக் கொண்ட 12ஏஎக்ஸ்7 என்னும் வால்வின் பெருக்கக் காரணி 100. சுற்றில் பொருத்தும்போது அதன் ஒரு பாதியே சைகையை 50 முதல் 60 மடங்கு உயர்த்திவிடும்.

அடுத்து 'ஆம்ப்'. ஆம்ப்ளிபயர் என்பதன் வேர் 'ஆம்ப்ளஸ்', அகன்றது என்று பொருள்படும் இலத்தீன் சொல். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் விரியலாக்கி என்று எழுதுவது அந்த வேர்ப்பொருளை ஒட்டியது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பெருக்கி என்கின்றன. மிகைப்பி என்றும் எழுதுவோர் உண்டு. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒலியைப் பெருக்குவது ஆம்ப்ளிபயரே என்றாலும், ஒலிபெருக்கி என்னும் பெயர் நம்மிடம் ஸ்பீக்கருக்குப் போய்விட்டது. இனி அதை மீட்க முடியாது, மீட்கவும் வேண்டியதில்லை. ஆம்ப்ளிபயரைப் பெருக்கி என்று மட்டும் எழுதினால் குழப்பம் வராது. மிகைப்பி என்பதை நான் பொதுவில் பயன்படுத்துவதில்லை; ஆயினும் கித்தாரைப் பொறுத்தவரை அச்சொல்லில் ஓர் உண்மை இருப்பதை மறுக்க மாட்டேன். தந்தியை ஓங்கி மீட்டும்போது வால்வால் தாங்க முடியாத அளவுக்குச் சைகை மிகுந்து, அலையின் முகடுகள் மழுங்குகின்றன. அந்த மிகையிலிருந்து பிறக்கும் கரகரப்பான இனிமைக்காகத்தான் கித்தார் கலைஞர்கள் இன்றும் வால்வைத் தேடுகிறார்கள்.

குறைந்த செலவில் வீட்டில் கட்ட விரும்புவோர் பெரும்பாலும் முன்மாதிரியாகக் கொள்வது, பெண்டர் நிறுவனம் 1950களில் வெளியிட்ட சாம்ப் 5எஃப்1 என்னும் சிறு பெருக்கியை. ஒரு 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை இயக்க ஒரு 6வி6, மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாகத் திருத்த ஒரு 5ஒய்3 என மூன்றே வால்வுகள்; வெளியீடு ஏறத்தாழ 5 வாட். 5ஒய்3க்குப் பதிலாகச் சில ரூபாய்க்குக் கிடைக்கும் சிலிக்கன் டையோடுகளைப் பொருத்தினால் ஒரு வால்வின் விலை மிஞ்சும்.

பணத்தை விழுங்குபவை மின்மாற்றிகளே. இதற்கு ஒரு பழைய வழி உண்டு. 230 வோல்ட்டை 6 வோல்ட்டாக்கும் சாதாரண மின்மாற்றிகள் இரண்டை வாங்கி, முதலாவதன் 6 வோல்ட்டில் வால்வுகளின் சூடேற்றியை எரியவிட்டு, அதே 6 வோல்ட்டை இரண்டாவது மின்மாற்றிக்குத் தலைகீழாகக் கொடுத்தால், மறுமுனையில் 200 வோல்ட்டு அளவில் கிடைக்கும். அதைத் திருத்தி மின்தேக்கியில் நிறைத்தால் 280 வோல்ட்டை நெருங்கும். முதல் மின்மாற்றி 5 ஆம்பியர் அளவு தாங்குவதாக இருக்க வேண்டும். வெளியீட்டு மின்மாற்றியைக் காயலான் கடையில் கிடைக்கும் பழுதான வால்வு ரேடியோவிலிருந்து கழற்றிக்கொள்ளலாம். 6வி6க்கு வேண்டிய சுமை ஏறத்தாழ 5000 ஓம், ஸ்பீக்கரோ 4 அல்லது 8 ஓம். இந்த ஏற்றத்தாழ்வை இணக்குவதே அந்தச் சிறு இரும்புக் கட்டியின் வேலை.

ஒரு சிக்கனத்தை மட்டும் ஒருபோதும் ஏற்கக் கூடாது. சில பழைய ரேடியோக்களில் மின்மாற்றியே இல்லாமல் வீட்டு மின்சாரத்தை நேராக உள்ளே விட்டிருப்பார்கள். அவற்றின் உலோகச் சட்டத்திலும் மின்சாரம் இருக்கக்கூடும். அம்முறையில் பெருக்கி கட்டினால், கித்தாரின் தந்திகள் அந்தச் சட்டத்தோடுதான் இணையும்; வாசிப்பவரை மின்சாரம் தாக்கும்.

வால்வுகளின் பெயர்களும் ஒருவகைச் சொற்களே. அமெரிக்க முறையில் முதலில் நிற்கும் எண் சூடேற்றியின் மின்னழுத்தத்தைச் சுட்டும்: 5ஒய்3க்கு 5 வோல்ட்டு, 6வி6க்கு 6.3 வோல்ட்டு, 12ஏஎக்ஸ்7க்கு 12.6 வோல்ட்டு. 6வி6இல் உள்ள 'வி'யை வோல்ட்டு என்று பலர் படிக்கிறார்கள். அது வரிசை எழுத்து மட்டுமே. ஐரோப்பிய முறையில் 12ஏஎக்ஸ்7இன் பெயர் ஈசிசி83. 'ஈ' என்பது 6.3 வோல்ட்டு, 'சி' என்பது மும்முனையம், 'சிசி' என்றால் ஒரே குமிழில் இரண்டு மும்முனையங்கள். ஒரே வால்வுக்கு 12.6, 6.3 என இரு கணக்கு எப்படிப் பொருந்தும் என்றால், அதன் சூடேற்றி நடுவில் இணைப்புடைய இரு பாதிகளாக இருப்பதால், தொடராக இணைத்தால் 12.6, பக்க இணைப்பில் 6.3. இதை அறிந்தவருக்குக் கடையில் இரு பெயர்களில் எது கிடைத்தாலும் கவலையில்லை.

எழுத்துத் தமிழில் இக்கருவியை நான் வெற்றிடக் குழல் என்றே எழுதுகிறேன். குழாய் என்றால் தெருக்குழாயின் நினைவு வருகிறது. குழல் என்பதில் புல்லாங்குழலின் இசையும் சேர்கிறது. வெற்றிடம் என்பதும் வெறும் அடைமொழி அன்று, கண்ணால் காணத்தக்கது. பழைய வால்வை வெளிச்சத்தில் பிடித்தால் உச்சியில் கண்ணாடி போன்ற வெள்ளிப் பூச்சு தெரியும். எஞ்சிய காற்றை உறிஞ்சுவதற்காக வைத்த பேரியம் அது. கண்ணாடி கீறிக் காற்று புகுந்திருந்தால் அந்தப் பூச்சு சுண்ணாம்பு போல வெளுத்திருக்கும்; அதை விலைபேசாமல் வைத்துவிடலாம். மடை என்பதை ஏன் பெயராகவே கொள்ளவில்லை என்று கேட்கலாம்; விளக்கும்போது அது உதவுமே தவிர, கடைக்காரரோ நூலோ அறியாத பெயரால் பயனில்லை. கடையில் வால்வு என்று கேட்பதே முறை.

ஆயினும் அந்த நீர்ப்பாசனச் சொற்களில் இன்னொன்றை நான் விடமாட்டேன். மின்னைத் துண்டித்த பிறகும் மின்தேக்கிகளில் 280 வோல்ட்டு தங்கியிருக்கும். அதை வடியவிட, மின்தேக்கியின் இரு முனைகளுக்கும் குறுக்கே 2,20,000 ஓம், 2 வாட் மின்தடை ஒன்றை நிரந்தரமாகப் பற்றவைப்பார்கள். ஆங்கிலத்தில் பிளீடர் எனப்படும் இதற்கு வடிகால் என்பதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. வடிகால் வைத்திருந்தாலும், மூடியைத் திறக்குமுன் பிளக்கைப் பிடுங்கி, ஒரு நிமிடம் பொறுத்து, திறந்ததும் மின்தேக்கியில் மீட்டரை வைத்து முள் சுழிக்கு இறங்கிவிட்டதைப் பார்த்த பிறகே கையை உள்ளே விட வேண்டும்.