பேசிக்கொள்ளாமலே வேலையைப் பங்கிடும் சர்வர்கள்

ஒரு பெரிய கட்டடத்தில் மின்சாரம் போய்த் திரும்பி வருகிறது. ஆயிரக்கணக்கான கணினிகளும் கேமராக்களும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு, “எனக்கு ஒரு ஐபி முகவரி கொடுங்கள்” என்று கேட்கின்றன. ஐபி முகவரி என்பது வலையமைப்பில் ஒரு சாதனத்தைக் குறிக்கும் எண். அதைக் கொடுப்பது டிஎச்சிபி சர்வரின் வேலை. ஒன்றே ஒன்று இருந்தால் திணறும், பழுதானால் எல்லாமே முடங்கும். அதனால் இரண்டு வைக்கிறார்கள்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. முகவரி இல்லாத கணினிக்கு யாரிடம் கேட்பது என்று தெரியாது. எல்லோருக்கும் கேட்கும்படி கூவும். இரண்டு சர்வர்களும் ஆளுக்கொரு முகவரியை எடுத்து நீட்டும். கணினி பெரும்பாலும் முதலில் வந்ததை வாங்கிக்கொள்ளும், இன்னொரு சர்வர் பட்ட பாடு வீண். வேகமான சர்வருக்கே கூட்டம் சேரும்.

2001-இல் வெளியான ஆர்எஃப்சி 3074 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இதற்குச் சொன்ன தீர்வு, எனக்கு மிகவும் பிடித்த கணினி யோசனைகளில் ஒன்று. சர்வர்கள் தங்களுக்குள் எதையும் கேட்டுக்கொள்வதில்லை. கோரிக்கை வந்ததும் இரண்டும் தனித்தனியே ஒரே கணக்கைப் போடுகின்றன. ஒரே கணக்கு என்பதால் ஒரே விடை. அந்த விடைக்கு உரிய சர்வர் பதில் சொல்கிறது, மற்றது பேசாமல் இருந்துவிடுகிறது.

கணக்கு இதுதான். கணினி தனக்கென ஓர் அடையாளம் அனுப்பினால் அதை, இல்லையென்றால் அதன் வலையமைப்புக் கருவிக்குரிய எண்ணான மேக் முகவரியை எடுத்துக்கொள்வார்கள். மேக் முகவரியில் 6 பைட்டுகள், ஒவ்வொன்றும் 0 முதல் 255-க்குள் ஓர் எண். அந்த நீளத்திலிருந்தே, அதாவது 6 என்ற எண்ணிலிருந்தே கணக்கு தொடங்கும். கடைசி பைட் 42 என்று வையுங்கள். 6, 42 இரண்டையும் பைனரியில், அதாவது 0, 1 என்ற பிட்டுகளால் எழுதினால் 000110, 101010. பிட்டுகள் வேறுபடும் இடத்தில் 1, ஒத்துப்போகும் இடத்தில் 0 போட்டால் 101100, அதாவது 44. 0 முதல் 255 வரையுள்ள எண்களைக் கலைத்துப் போட்ட ஓர் அட்டவணை இரண்டு சர்வர்களிடமும் உண்டு. அதில் 44-ஆம் இடத்தில் உள்ள எண்ணை எடுத்து, அதற்கு முந்தைய பைட்டோடு இதையே திரும்பச் செய்ய வேண்டும். ஆறு சுற்று முடிந்தால் 0 முதல் 255-க்குள் ஓர் எண் கிடைக்கும். பியர்சன் ஹேஷ் என்பது இதன் பெயர்.

அப்புறம் அந்த 256 எண்களைப் பங்கிட வேண்டியதுதான். சமமாக என்றால் ஆளுக்கு 128. ஒன்று வலுவான சர்வர் என்றால் அதற்கு 192, மற்றதற்கு 64. எந்தெந்த எண் தன்னுடையது என்பதைக் குறித்துக்கொள்ள ஒரு சர்வருக்கு 256 பிட்டுகள், வெறும் 32 பைட்டுகள் போதும்.

சரி, பதில் சொல்ல வேண்டிய சர்வரே செத்துக் கிடந்தால்? கோரிக்கையிலேயே, கணினி எத்தனை வினாடிகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்கு ஓர் இடம் உண்டு. அது நாம் வைத்த வரம்பைத் தாண்டினால், 3 வினாடி என்று வையுங்கள், தன் பங்கு இல்லாவிட்டாலும் மற்ற சர்வர் பதில் கொடுக்கும். சில சாதனங்கள் அந்த இடத்தில் எப்போதும் 0 என்றே அனுப்புகின்றன. அவற்றுக்கு இந்த வழி கைகொடுக்காது. அந்த ஒரு குறை என்னை உறுத்துகிறது.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பங்கீடு புதிதாகக் கேட்டு வருபவர்களுக்குத்தான். முகவரியை வைத்துக்கொள்ளும் தவணை 8 மணி நேரம் என்றால், வழக்கமாக 4 மணி நேரத்தில் கணினி புதுப்பிக்கக் கேட்கும். அப்போது கூவுவதில்லை, முகவரி கொடுத்த சர்வரிடமே நேராகப் போகும். அதனால் செத்த சர்வர் உயிர்பெற்று வந்தாலும், அது இல்லாதபோது மற்ற சர்வரிடம் போனவர்கள் உடனே திரும்பி வருவதில்லை.