கிராமச் சாலையின் தரத்தை யார் சோதிக்கிறார்கள்? பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின் மூன்றடுக்குக் கண்காணிப்பு

எல்லாப் பருவத்திலும் வண்டி போய்வரக்கூடிய சாலை இல்லாத குடியிருப்புகளை இணைப்பதற்காக, 2000ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று மத்திய அரசு பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தைத் தொடங்கியது. 2024இல் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டத்தில் மட்டும், 25,000 குடியிருப்புகளுக்கு 62,500 கிலோமீட்டர் சாலை அமைக்க ரூ.70,125 கோடி மதிப்பிடப்பட்டுள்ளது. சாலை வேலையில் பெரும்பகுதி மேல்தாருக்கு அடியில் மறைந்துவிடுவதால், முடிந்த பிறகு பார்த்துத் தரத்தைச் சொல்வது கடினம். அதனால்தான் இத்திட்டத்தில் கண்காணிப்பு மூன்று அடுக்குகளாக வகுக்கப்பட்டுள்ளது.

முதல் அடுக்கு, வேலையை நடத்தும் துறையின் பொறியாளர்கள். ஒப்பந்ததாரர் பணியிடத்திலேயே ஆய்வகம் அமைக்க வேண்டும். மண், சரளை, ஜல்லி, தார்க்கலவை ஆகியவற்றின் சோதனை முடிவுகள் தரக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில் அன்றன்றைக்கு ஏற வேண்டும். சாலையின் ஓர் அடுக்கு சோதனையில் தேறாமல் அதன்மேல் அடுத்த அடுக்கைப் பரப்பக் கூடாது. கண்காணிப்பின் மூன்று அடுக்குகளில் மிக முக்கியமானது இந்த முதல் அடுக்குதான் என்பது என் கருத்து. ஏனெனில் பின்னால் வருகிற எந்த ஆய்வாளரும் எப்போதோ ஒருநாள்தான் வருவார், பொறியாளரோ ரோலர் ஓடும்போதே பக்கத்தில் நிற்க வேண்டியவர்.

இரண்டாம் அடுக்கு, மாநிலத் தரக் கண்காணிப்பாளர்கள். இவர்கள் வேலையை நடத்தும் பிரிவைச் சாராதவர்களாக இருக்க வேண்டும். ஒவ்வொரு சாலையையும் குறைந்தது மூன்று முறை, அதாவது வேலை நடக்கும்போது இருமுறையும் முடிந்த பின் ஒருமுறையும், பார்வையிட வேண்டும் என்பது விதி. மூன்றாம் அடுக்கு, தேசியத் தரக் கண்காணிப்பாளர்கள். இவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற மூத்த பொறியாளர்கள். மத்திய முகமை இவர்களைப் பிற மாநிலங்களுக்கு அனுப்பி, தேர்ந்தெடுத்த சாலைகளைச் சோதிக்கச் செய்கிறது.

அந்தச் சோதனை சாலையை ஒருமுறை சுற்றிப் பார்ப்பதோடு முடிவதில்லை. கண்காணிப்பாளர் சாலையில் குழி தோண்டச் சொல்லி, தார் விரிப்பு, ஜல்லி அடுக்கு, சரளை அடுக்கு ஒவ்வொன்றின் கனத்தையும் அளந்து, மதிப்பீட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுகிறார். தோண்டியெடுத்த ஜல்லியைச் சல்லடையில் சலித்து அளவு சரியா என்று பார்க்கிறார். குழியில் மணல் நிரப்பி அடர்த்தியைக் கணக்கிடுகிறார். சாலை நடுவில் உயர்ந்து ஓரங்களுக்குச் சரிகிறதா என்று பலகை வைத்துச் சோதிக்கிறார். பதிவேட்டில் நல்ல எண்கள் இருந்து, குழியில் கனம் குறைந்தால் கண்காணிப்பின் முதல் அடுக்கு பொய்த்தது என்று பொருள். முடிவில் சாலைக்கு ‘திருப்தி’, ‘மேம்பாடு தேவை’, ‘திருப்தியில்லை’ என்ற மூன்றில் ஒரு தரம் கிடைக்கும். குறை சொல்லப்பட்ட சாலையைச் சரிசெய்து, எடுத்த நடவடிக்கையை மாநிலம் அறிக்கையாகத் தர வேண்டும்.

வேலை முடிந்ததும் ஒப்பந்ததாரரின் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் தோன்றும் கட்டுமானக் குறைகளை அவரே தம் செலவில் திருத்த வேண்டும். குழி அடைத்தல், வடிகால் துப்புரவு, சாலையோரப் பராமரிப்பு ஆகியவையும் அதே ஒப்பந்தத்தில் அடங்கும், அவற்றுக்கு மாநில அரசு பணம் தருகிறது. மூன்றாம் ஆண்டில் பள்ளம் விழுந்தால் ‘புது நிதி வரட்டும்’ என்று ஊர்மக்கள் காத்திருக்கத் தேவையில்லை.

சாலை சரியாகக் கட்டப்பட்டதா என்பது ஒரு கேள்வி. அதனால் ஊருக்கு என்ன மாறியது என்பது வேறு கேள்வி. 2020இல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு, இத்திட்டச் சாலை வந்த கிராமங்களில் உழைப்பாளர்கள் விவசாயத்திலிருந்து வேறு வேலைகளுக்கு நகர்ந்தார்கள் என்றும், ஆனால் விளைச்சலிலும் வருமானத்திலும் பெரிய மாற்றம் இல்லை என்றும் கண்டது. கண்காணிப்பின் மூன்று அடுக்குகளும் ஜல்லியின் கனத்தைச் சொல்லுமேயன்றி இதைச் சொல்லமாட்டா. அதற்கெனத் தனி மதிப்பீடு தேவைப்படுகிறது.

ஊர்மக்களுக்கும் இதில் இடமுண்டு. ஒவ்வொரு சாலையிலும் உள்ளூர் மொழியில், ஒவ்வோர் அடுக்குக்கும் எவ்வளவு பொருள் போடப்படுகிறது என்ற விவரத்துடன் தகவல் பலகை வைக்கப்பட வேண்டும். பலகையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால், அடுக்கு போடும்போதே ஒப்பிட்டுப் பார்க்கலாம். குறை தெரிந்தால், 2015இல் அறிமுகமான ‘மேரி சடக்’ செயலியில் இடக்குறிப்புடன் கூடிய புகைப்படத்தை இணைத்துப் புகார் பதிவு செய்யலாம். சாலையின் பெயரையும், குறை உள்ள கிலோமீட்டரையும், எந்த அடுக்கில் என்ன குறை என்பதையும் எழுதினால் அந்த இடத்தை ஆய்வாளர் நேரே கண்டறிய முடியும். மேல்தார் விழுவதற்கு முன்பே புகார் பதிவாவது நல்லது.