நாற்பது பரப்பில் நிற்பது என்ன பயிர்?

யாழ்ப்பாணத்து உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் தோட்டங்களின் நடுவே சைக்கிளில் போகும் ஒரு முதிய கமக்காரர், எது வெங்காயம், எது புகையிலை, எது மரவள்ளி என்று இறங்கிப் பார்க்காமலே சொல்லிவிடுவார். நட்டு எத்தனை நாள் என்பதுகூட அவருக்கு நிறத்திலேயே தெரியும். ஆப்கானிஸ்தானின் அபின் வயல்களை ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் கணக்கெடுப்பதும் இதே வித்தையால்தான். பார்க்கும் கண் மட்டும் செய்மதியில் இருக்கிறது.

பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பலமாகத் திருப்பி அனுப்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டால் அந்த இடத்தில் எவ்வளவு செழிப்பான பயிர் நிற்கிறது என்று தெரிந்துவிடும். என்ன பயிர் என்பது மட்டும் தெரியாது. கோதுமையும் பச்சை, அபின் செடியும் பச்சை.

இங்கேதான் காலம் கைகொடுக்கிறது. தெற்கு ஆப்கானிஸ்தானில் ஏப்ரல் அளவில் அபின் செடி வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும். சில நாட்களில் இதழ் உதிர்ந்து காய் நிற்கும். காயைக் கீறினால் பால் வடியும். அது உறைந்ததும் சுரண்டி எடுப்பார்கள். அதுதான் அபின். (மசாலைக்கு அரைக்கும் கசகசா இதே செடியின் விதை. நாங்கள் சர்பத்தில் போடுவது வேறு, அது திருநீற்றுப்பச்சை விதை.) பால் எடுத்து முடிந்ததும் செடி விரைவாகக் காய்ந்துவிடும். பூக்கும் நாட்களில் ஒரு படம், அறுவடைக்குப் பிறகு இன்னொரு படம் என்று எடுத்து ஒப்பிட்டால், இரண்டு பயிர்களும் வெவ்வேறு நாட்காட்டியில் வளர்வது வெளிப்பட்டுவிடும்.

எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க முடியும்? இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செய்மதிப் படத்தில் ஒரு புள்ளி என்பது பத்து மீற்றருக்குப் பத்து மீற்றர். எங்கள் யாழ்ப்பாணத்து நில அளவையில் ஒரு பரப்புக் காணி என்பது ஏறத்தாழ 250 சதுர மீற்றர், அதற்கு இரண்டரைப் புள்ளிதான் கிடைக்கும். அரைப் பரப்பில் மிளகாயும் அரைப் பரப்பில் கத்தரியும் நின்றால் வரம்பில் விழும் புள்ளி இரண்டையும் கலந்தே காட்டும். அதனால் இன்னும் நுணுக்கமான, விலை கூடிய படங்களை வாங்குகிறார்கள். நாடு முழுவதற்கும் வாங்க முடியாது. ஆகவே சில துண்டு நிலங்களை மாதிரியாகத் தெரிந்தெடுத்து, அவற்றில் கண்டதை வைத்து முழுப் பரப்பையும் மதிப்பிடுகிறார்கள். அறிக்கையில் வரும் எண் ஒரு மதிப்பீடு. அதற்குக் கீழ் எல்லையும் மேல் எல்லையும் உண்டு. செய்தித் தலைப்புகளில் அந்த எல்லைகள் காணாமல் போவது எனக்கு வருத்தம் தரும் விடயம்.

பரப்பளவு தெரிந்தால் மட்டும் போதாது. விளைச்சலை அறிய யாராவது வயலில் இறங்கி, ஒரு சதுர மீற்றரில் எத்தனை காய், ஒவ்வொன்றும் என்ன பருமன் என்று அளக்க வேண்டும். கொக்கெயின் எடுக்கப்படும் கொலம்பியாவின் கோக்கா வேறு சிக்கல். அது பல ஆண்டுகள் நிற்கும் செடி, வருடத்தில் பல தடவை இலை பறிப்பார்கள். மேலே மேகமும் கலையாது.

இனி இந்த எண்கள் சொன்ன கதையைப் பார்ப்போம். 2022 ஏப்ரலில் தலிபான் அரசு அபின் பயிரைத் தடை செய்தது. அந்த ஆண்டு 233,000 ஹெக்டேயராக இருந்த பரப்பு 2023இல் 10,800 ஆகச் சுருங்கியது. ஒரு ஹெக்டேயர் ஏறத்தாழ எங்கள் நாற்பது பரப்பு. செய்மதிப் படங்களில் அந்த வயல்களில் பெரும்பாலும் கோதுமை நின்றது. அதே 2023இல் 47,100 ஹெக்டேயருடன் மியன்மார் முதலிடத்துக்கு வந்தது. ஆப்கானிஸ்தானில் முந்திய ஆண்டுகளின் அபின் இருப்பில் கிடந்ததால், அதிலிருந்து செய்யும் ஹெரோயினின் கடத்தலும் உடனே நிற்கவில்லை. வயலின் படத்தில் களஞ்சியம் தெரியாது. ஆய்வுகூடத்தில் சமைக்கும் ஐஸ் போதைப்பொருளுக்கோ படம் எடுக்க வயலே இல்லை. யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் அடிக்கடி அடிபடும் கேரளக் கஞ்சாவும் கடல் தாண்டிப் படகில் வருவதுதான். எங்கள் தோட்டங்களுக்கு மேல் எத்தனை செய்மதி பறந்தாலும் அது அகப்படாது.

கொள்கை வகுப்பவர்கள் ஹெக்டேயரை மட்டும் வாசித்தால் மனிதரைத் தவறவிடுவார்கள். 2023இல் ஆப்கானிஸ்தானில் ஒரு ஹெக்டேயர் கோதுமை சுமார் 770 டொலர் தந்தது; அதே நிலத்தில் அபின் 10,000 டொலர் தந்திருக்கும். அபின் விற்ற விவசாயிகளின் மொத்த வருமானம் ஒரே ஆண்டில் 136 கோடி டொலரிலிருந்து 11 கோடியாக விழுந்தது. இங்கே புகையிலைக்காரரிடம் போய் அதை விடுங்கள் என்று சொன்னால், பதிலுக்கு எதை நடுவது, அதை யார் வாங்குவது என்றுதான் முதலில் கேட்பார். தாய்லாந்து அந்தக் கேள்விக்கு மதிப்புக் கொடுத்தது. 1969இல் தொடங்கிய மன்னரின் திட்டம் மலைக் கிராமங்களுக்குக் கோப்பியையும் மரக்கறியையும் பழமரங்களையும் கொண்டுபோனது. விளைந்ததைச் சந்தைக்கு இறக்கத் தெருவும் வந்தது. அபின் வயல்கள் அங்கே அருகிப் போக ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிடித்தன.