மலர் அந்துப்பூச்சி: சொல் விளக்கம்

ஆங்கிலத்தில் 'ஃபிளவர் மாத்' என்பது ஒரே ஒரு பூச்சியின் பெயரன்று; நாக்டுயிடே குடும்பத்தில் ஸ்கினியா என்ற பேரினத்தைச் சேர்ந்த, பெரும்பாலும் வட அமெரிக்காவில் வாழும் நூற்றுக்கும் மேற்பட்ட பூச்சியினங்களுக்கான பொதுப்பெயர்.

'மாத்' என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் துணியை அரிக்கும் பூச்சியையே குறித்தது. தமிழில் 'அந்து' என்பதும் சேமித்த நெல்லைத் துளைக்கும் பூச்சிக்கு வழங்கிய சொல்தான். வீட்டுப் பொருளை அழித்த பூச்சியின் பெயர் இரு மொழிகளிலும் ஓர் இனக்கூட்டம் முழுவதற்கும் விரிந்திருப்பது வியப்பளிக்கிறது. 'விட்டில்' என்ற சொல்லும் உண்டு. ஆனால் அது வெட்டுக்கிளியையும் குறிப்பதால், அறிவியல் எழுத்துக்கு 'அந்துப்பூச்சி' என்பதே தெளிவானது. 'பூ', 'அந்து' இரண்டையும் சேர்த்தால் 'பூவந்து' என்றாகி, 'பூ வந்து' என மயங்க இடமுண்டு. ஆகவே 'மலர் அந்துப்பூச்சி' என எழுதுவதே நல்லது.

இந்தப் பெயர் எவ்வளவு பொருத்தமானது என்பதை ஸ்கினியா ஃபுளோரிடா என்ற இனத்திடம் காணலாம். 1852இல் கெனே என்ற பிரெஞ்சு அறிஞர் விவரித்த இதன் சிறப்புப்பெயரான 'ஃபுளோரிடா' என்பதற்கு இலத்தீனில் 'பூக்கள் நிறைந்தது' என்று பொருள். இதன் முன்னிறகு இளஞ்சிவப்பு. ஓரம் மட்டும் மஞ்சள். மாலையில் மலரும் 'ஈவினிங் பிரிம்ரோஸ்' செடியின் மஞ்சள் பூவுக்குள் பகலில் தலையை நுழைத்து இது ஓய்வெடுக்கும்போது, வெளியே தெரியும் மஞ்சள் ஓரம் வாடிய இதழைப் போலவே தோன்றும். பெயர் ஒத்திருக்கிறதே என்று இச்செடியை 'அந்திமந்தாரை' எனத் தமிழாக்கிவிடக் கூடாது. அது முற்றிலும் வேறு குடும்பத்துச் செடி. இப்பூச்சியின் புழுக்கள் 'ஈவினிங் பிரிம்ரோஸ்' செடியின் மொட்டுகளையும் பூக்களையும் விதைகளையும் தின்று வளர்ந்து, பின் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகின்றன.

இத்தகைய செடியை ஆங்கிலத்தில் 'ஹோஸ்ட் பிளாண்ட்' என்பர். 'ஹோஸ்ட்' பிறந்த இலத்தீன் மூலச்சொல்லுக்கு விருந்தளிப்பவர், விருந்தினர் என இரு பொருளும் உண்டு. தமிழில் 'உணவுத் தாவரம்' என்றும் 'ஓம்புயிர்த் தாவரம்' என்றும் எழுதுகிறோம். முன்னது புழுவின் உணவை மட்டுமே சொல்கிறது. ஆனால் இந்தச் செடி புழுவுக்கு உணவாவதோடு, வளர்ந்த பூச்சிக்குப் பகல் முழுதும் மறைவிடமாகவும் இருக்கிறது. 'ஓம்புதல்' என்பது ஊட்டுதலையும் காத்தலையும் சேர்த்தே உணர்த்துவதால், இங்கே 'ஓம்புயிர்த் தாவரம்' என்பதையே நான் தேர்வேன்.