பஸ் நிலையத்தில் படுக்கிற பிள்ளைக்கு எங்கே உதவி கேட்பது?

திருகோணமலை பஸ் நிலையத்தில் கடைசி பஸ்ஸும் போன பிறகு, செருப்பைத் தலைக்கு வைத்துக்கொண்டு வாங்கில் சுருண்டு படுத்திருக்கிற பொடியனை நீங்களும் பார்த்திருப்பீர்கள். யாரிடம் சொல்வதென்று தெரியாமல்தான் நம்மில் பலர் கடந்து போகிறோம். முதலில் வயதைக் கேளுங்கள். 18 ஆகிவிட்டதா இல்லையா என்பதை வைத்துத்தான் எங்கே போவதென்பது முடிவாகும்.

18 ஆகவில்லையென்றால் 1929க்கு எடுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது, 24 மணி நேரமும் இயங்கும், தமிழில் பேசலாம், பிள்ளையே எடுத்தாலும் சரி. பகல் நேரமென்றால் திருகோணமலை ‘பட்டினமும் சூழலும்’ பிரதேச செயலகத்துக்கு நேரே போய் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கேளுங்கள். அங்கிருந்து விஷயம் நன்னடத்தை உத்தியோகத்தரிடம் போகும், அவர் வீட்டு நிலைமையை விசாரித்து நீதவானுக்கு அறிக்கை கொடுப்பார். பெரியம்மா, மாமா என்று பொறுப்பெடுக்க யாராவது இருந்தால் அவர்களோடு விடத்தான் முதலில் பார்ப்பார்கள். சிறுவர் இல்லத்துக்கு அனுப்புவதென்றால் நீதிமன்றக் கட்டளை வேண்டும். கோர்ட் என்றதுமே பிள்ளைகள் ஓடப் பார்க்கிறார்கள், பாவம். உன்னைத் தண்டிக்க அல்ல, பாதுகாப்பாக ஓரிடத்தில் சேர்க்கத்தான் என்று முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

18 தாண்டினால் கதை வேறு, இது எனக்கு உண்மையில் கவலை தருகிற இடம். இல்லத்தில் வளர்ந்த பிள்ளையும் அந்த வயதில் வெளியே வந்துவிட வேண்டியதுதான். அப்போது கையில் அடையாள அட்டை இல்லாவிட்டால் வேலை கிடைப்பதும் கஷ்டம், வாடகைக்கு அறை கிடைப்பதும் கஷ்டம். 15 வயதிலேயே விண்ணப்பிக்கலாம் என்பதால் இல்லத்தில் இருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது. பிறப்புச் சான்றிதழ் தொலைந்துவிட்டதா? 1960க்குப் பிறகு பதிவான பிறப்பென்றால் எந்தப் பிரதேச செயலகத்திலும் பிரதி எடுக்கலாம், ஹட்டனில் பிறந்த பிள்ளை அதற்காக ஹட்டனுக்குப் போகத் தேவையில்லை.

சிக்கல் அடுத்த படியில் வரும். அடையாள அட்டை விண்ணப்பத்தை கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்த வேண்டும், வீடு எது என்று அவர் கேட்டால் பிள்ளை என்ன சொல்லும்? அதனால் தனியாக அனுப்பாதீர்கள். கூடப் போங்கள், பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரையும் சந்தித்து நிலைமையை விளக்குங்கள். தனியாக வந்து நிற்கிற பிள்ளையை 'நாளைக்கு வா' என்று அனுப்பிவிடுவது சுலபம்.

பெண் பிள்ளைகளுக்கு 1938 என்ற மகளிர் உதவி இலக்கமும் இருக்கிறது. வழக்கு, பொலிஸ் என்று ஏதாவது சிக்கலென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம்.

அப்புறம், அடையாள அட்டை கிடைத்ததும் போட்டோகொப்பி எடுத்து நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். வெளியில் படுக்கிறவர்களின் பைதான் முதலில் களவு போகும்.