மீள்திறனா, தேறுதிறனா?

மனநலக் கையேடு எதைப் புரட்டினாலும், அலுவலகப் பயிற்சி வகுப்பு எதில் உட்கார்ந்தாலும், இப்போது ‘மீள்திறன்’ தவறாமல் வந்து நிற்கிறது. துன்பத்தில் உடைந்துபோகாமல் நிலைக்கும் ஆற்றலைக் குறிக்கும் ‘ரெசிலியன்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இதுவே தமிழ் என்று ஏறக்குறைய முடிவே செய்துவிட்டார்கள். நாஜி வதைமுகாம்களில் இருந்து உயிர்தப்பிய வியன்னா மனநல மருத்துவர் விக்டர் பிராங்கல், தம் மீள்திறனால் பழைய நிலைக்குத் திரும்பினார் என்று அண்மையில் ஒரு கட்டுரையில் படித்தபோது, இனியும் பேசாமல் இருப்பது சரியல்ல என்று தோன்றியது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லத்தீனில் ‘சலிரே’ என்றால் துள்ளுதல். ‘ரெசிலிரே’ என்றால் பின்னோக்கித் துள்ளுதல். 1818-இல் தாமஸ் டிரெட்கோல்ட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் மரக்கட்டைகளின் வலிமையைப் பேசும்போது இதைக் கையாண்டார். 1973-இல் சூழலியலாளர் ஹாலிங் இதைக் காடுகளுக்கும் ஏரிகளுக்கும் கொண்டுபோனார். ஏறத்தாழ அதே காலத்தில் உளவியலும் இதை எடுத்துக்கொண்டது.

பொறியாளரின் கணக்கில் இச்சொல்லுக்குப் பொருள் திட்டமானது. ஒரு பொருள் சுமையை ஏற்று வளைகிறது. சுமை நீங்கியதும் வளைந்த சுவடே இல்லாமல் பழைய வடிவத்தை அடைகிறது. அதற்கு ‘மீள்திறன்’ மிகப் பொருத்தமான சொல். அங்கே எனக்கு வழக்கில்லை. ஆனால் மனிதர் சுவடில்லாமல் எங்கே மீள்கிறார்? பிராங்கலின் வாழ்க்கையையே எடுத்துக்கொள்வோம். 1942-இல் அவர் மனைவியோடும் பெற்றோரோடும் தெரேசியென்ஸ்டாட் என்ற நாஜி முகாமுக்கு அனுப்பப்பட்டார். தந்தை அங்கேயே இறந்தார். தாய் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். மனைவியும் முகாமிலேயே உயிரிழந்தார். மேலங்கியின் உள்துணிக்குள் தைத்து ஒளித்து வைத்திருந்த நூலின் கையெழுத்துப்படியும் ஆஷ்விட்சில் பறிபோனது. பிறகு வேறொரு முகாமில், டைபஸ் காய்ச்சலில் கிடந்தபடியே, கிடைத்த துண்டுத் தாள்களில் அந்நூலுக்கான குறிப்புகளை மறுபடி கிறுக்கிவைத்தார். 1945-இல் வியன்னாவுக்குத் திரும்பியபோது அவருக்காகக் காத்திருக்க வீட்டார் எவரும் அங்கே இல்லை. அவர் மீண்டது எந்தப் பழைய நிலைக்கு?

‘நோயிலிருந்து மீண்டான்’, ‘கடனிலிருந்து மீண்டான்’ என்று தமிழில் சொல்வதில்லையா என்று கேட்பார்கள். சொல்கிறோம். அது வெளியே வருதல், விடுபடுதல். பிராங்கல் வற்புறுத்தியதோ விடுபடவே வழியில்லாத துன்பத்தைப் பற்றி. நீக்கக்கூடிய துன்பத்தை நீக்கத்தான் வேண்டும், நீக்கமுடியாததன்முன் எப்படி நிற்பது என்ற ஒரு தெரிவு மட்டும் மனிதரிடம் எஞ்சுகிறது, அதிலும் வாழ்வுக்குப் பொருள் காணலாம் என்பது அவர் கொள்கை. அந்த ஆற்றலுக்கு அவர் வைத்த ஜெர்மன் பெயர் ‘ட்ரோட்ஸ்மாக்ட்’. எதையும் மீறி நிற்கும் வலிமை என்று அதற்குப் பொருள் சொல்லலாம். திரும்பித் துள்ளுதல் என்ற நினைப்பே அதில் இல்லை. அவர் சொல்லாததை அவர் வாயில் வைத்து, அதையும் அரைகுறையாகத் தமிழாக்கினால் என்ன மிஞ்சும்?

ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் குழுவினர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு இத்துறையின் அடித்தளங்களில் ஒன்று. வறுமை, குடும்பச் சச்சரவு, பெற்றோரின் மனநோய் ஆகியவற்றுக்கு நடுவே பிறந்தும், அவ்வாறான பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகவே வளர்ந்தார்கள். பிறந்த நாள் முதல் நெருக்கடியில் இருந்த குழந்தைக்கு மீள்வதற்கென்று முன்னொரு நல்ல நிலையே இருந்ததில்லை. ‘மீள்திறன்’ இந்தப் பிள்ளைகளைச் சுட்டவே முடியாத சொல்.

இன்னும் சிலர் ‘நெகிழ்திறன்’ என்கிறார்கள். மகன் முதல் சம்பளத்தில் சேலை வாங்கித் தந்ததற்குத் தாய் நெகிழ்ந்து போகிறாள். பிடி தளர்ந்தாலும் நெகிழ்கிறது. வளைந்துகொடுத்தலையும் துன்பத்தில் நிலைத்தலையும் ஒன்றாகக் குழப்பியதன் விளைவு இது. ‘மனவுரம்’ மதிக்கத்தக்க சொல். ‘உரவோர்’ என்ற குறளின் ஆட்சியும் அதற்குத் துணை. ஆனால் உரம் முன்னரே ஒருவரிடம் இருக்கும் பொருள். துன்பத்தின் ஊடே விளைவதை அது காட்டுவதில்லை.

நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் வினை ஒன்று இருக்கிறது: தேறுதல். காய்ச்சலில் கிடந்தவர் தேறுகிறார். துக்க வீட்டில் தேறுதல் சொல்கிறோம். ‘மனசைத் தேத்திக்கோ’ என்கிறோம். மாணவன் தேர்வில் தேறுகிறான். கலங்கிய நீரும் தேறுகிறது: தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் இழைத்துவிட்டால் மண் அடியில் படிந்து மேல்நீர் தெளிகிறது. அந்த மண் பானையை விட்டு எங்கும் போய்விடுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கலித்தொகையில் துயருற்ற ஒரு பெண்ணின் மனம் தெளிந்ததற்கு இதுவே உவமை: ‘இல்லத்துக் காழ்கொண்டு தேற்றக் கலங்கிய நீர்போல் தெளிந்து’. இல்லம் என்பது தேற்றா மரம். காழ் அதன் விதை. உடல் நலமடைதல், மனம் ஆறுதல், சோதனையைக் கடத்தல், தெளிவு பெறுதல் ஆகிய நான்கும் ஒரே வினைக்குள் அடங்குகின்றன. துன்பத்தில் பொருள் காண்பது என்று பிராங்கல் சொன்னது அந்தத் தெளிவைத்தான். மருத்துவர் கைவிரித்த பிறகு உடம்பு தேறாது. அப்போதும் மனம் தேறலாம். ‘மீள்’ என்பதால் இந்த வேறுபாட்டைச் சொல்ல முடியுமா?

ஆகவே கலைச்சொல் கட்டாயம் வேண்டும் என்போர் ‘தேறுதிறன்’ என்று எழுதலாம். ‘தாங்குதிறன்’ போல இதுவும் வினைத்தொகை, இலக்கணத்தில் குறையில்லை. இடையின ரகரம் போட்டு ‘தேருதிறன்’ என்று எழுதிவைப்பவர்களை என்ன செய்வது என்பது தனிக் கவலை.

உண்மையில் பெரும்பாலான இடங்களில் பெயர்ச்சொல்லே தேவையில்லை. நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லைக் கண்டால் தமிழிலும் பெயர்ச்சொல் வைத்தே தீர வேண்டும் என்றொரு பிடிவாதம். வினை அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. ‘அக்குழந்தைகள் உயர் மீள்திறன் வெளிப்பாட்டைக் கொண்டிருந்தனர்’ என்று முக்கி எழுதுவதை விட்டு, ‘அந்தப் பிள்ளைகள் தேறிவிட்டார்கள்’ என்று எழுதினால், கவாய் ஆய்வைப் படிக்காதவருக்கும் செய்தி போய்ச் சேரும்.